மூக்கு அண்ணாச்சியின் சாஸ் பாட்டில்

வாங்க தம்பி, இங்க இடம் இருக்கு. சும்மா உக்காருங்க. பஸ்ஸு முழுக்க ஆளு நிக்குது, இவரு பக்கத்துல மட்டும் சீட்டு காலியா கெடக்கேன்னு பாக்குறீங்களா? விருதுநகர்ல ஏறுனதுலருந்து இப்படித்தான். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி உக்காந்தா. ஆமத்தூர் வரைக்கும்கூட இருக்கல, எந்திரிச்சுப் போயிட்டா. அப்புறம் ஒரு வேட்டிக்காரர். அவரு திருத்தங்கல்ல எந்திரிச்சவருதான், அந்தா, படிக்கட்டுல தொங்கிக்கிட்டு வாராரு. இந்த சனத்துக்கு உக்கார இடம் கொடுத்தாலும் உக்காரத் தெரியாது. நிக்கட்டும்.

நீங்க எங்க போறீங்க? ராஜபாளையமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு.

காலைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோங்க, பையில பட்டுராம. பாட்டில் இருக்கு. மிளகாய் சாஸ். கடையில வாங்குனது இல்ல, நானே வீட்ல செஞ்சது. பாத்தீங்களா, வந்து உக்காந்த உடனே மூக்கை உறிஞ்சுறீங்க! மூடி போட்டு, மேல பாலித்தீன் சுத்தி, நாலு ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கேன். அதையும் மீறி நெடி உங்க மூக்கைப் பிடிக்குதுன்னா, அதுதான் சரக்கு.

என் பேரு சண்முகக்கனி. பேரைச் சொன்னா எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. வத்தல் மண்டிப் பக்கம் போய் மூக்கு அண்ணாச்சி வீடு எதுன்னு கேளுங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுவான். முப்பத்தஞ்சு வருஷம் மண்டியில தரம் பாத்தேன் தம்பி. சாக்குக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டு அடி வத்தலை எடுப்பேன். ஒடிப்பேன். மோந்து பாப்பேன். அவ்வளவுதான். இது கரிசக்காட்டுச் சரக்கு, இது களத்துல மழை பட்டது, இது போன வருஷத்து வத்தலை எண்ணெய் தடவி வச்சிருக்கான், எல்லாம் சொல்லிருவேன். முதலாளி மறுபேச்சு பேச மாட்டாரு.

இப்ப போறதில்ல. நானாத்தான் விட்டேன். கொரோனாவுல எனக்கு காய்ச்சல் வந்து எந்திரிச்சேன்ல, அதுக்கு அப்புறம் வந்த தை மாசம் கமுதிப் பக்கத்துலருந்து ஒரு லோடு வந்துச்சு. பாத்தேன், நல்ல சரக்குன்னு சொன்னேன். வாங்குனவன் மூணாம் நாள் திருப்பி அனுப்புறான், உள்ள பூரா பூசண வாடையாம். லாரிக்காரன் மழையில நனைச்சிருப்பான், வேற என்ன? முதலாளி மகன் ஒருத்தன் இருக்கான், அமெரிக்கா போய் ரெண்டு வருஷம் படிச்சிட்டு வந்த மண்ணாந்தை. அவன் வந்து எனக்கு சால்வை போட்டு, அண்ணாச்சி வீட்ல ரெஸ்ட் எடுங்கன்னான். இப்ப என்னத்தையோ ஒரு மிஷினை சாக்குல குத்தி நம்பர் பாக்குறானாம். வத்தலுக்கு நம்பர் பாக்குற பயகிட்ட நமக்கு என்ன வேலைன்னு வந்துட்டேன்.

இருக்கட்டும். சாஸுக்கு வாரேன்.

எங்க மாடியில ஒருத்தன் குடியிருக்கான். அஸ்வத்னு பேரு. பொண்டாட்டி பேங்க்ல வேலை, இவன் வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து வேலை பாக்குறான். அரை டவுசர். ஆம்பள பகல்ல பன்னெண்டு மணிக்கு அரை டவுசர் போட்டுக்கிட்டு, கண்ணாடி ஜாடிக்குள்ள மிளகாப்பழத்தை உப்புத் தண்ணியில போட்டு, பூண்டு போட்டு, தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து காத்தை விட்டுட்டு மூடுறான். என்னப்பா செய்யிறன்னு கேட்டா, புளிக்க வைக்கிறேன் சார், மூணு வாரம் கழிச்சு அரைச்சு வடிகட்டுனா சாஸுங்கிறான். புளிக்க வைக்க அது என்ன இட்லி மாவா? விருதுநகர்ல வந்து உக்காந்துக்கிட்டு, மூக்கு அண்ணாச்சி வீட்டு மாடியில உக்காந்துக்கிட்டு, பச்சைப் பழத்தை ஊறப்போடுறான் பாருங்க. மாசி மாசம் இது.

சொன்ன மாதிரி மூணு வாரம் கழிச்சு கீழ வந்தான். கையில சின்ன பாட்டில். "சார், மண்டியில உங்களைப் பத்தி ரொம்பச் சொன்னாங்க சார். ஒரே ஒரு தடவை மோந்து பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க சார்"னு மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரா நீட்டுறான்.

நீட்டுனா?

மட்டம்னு சொல்லிட்டேன். வாசனையே இல்ல, மகா மட்டம்னேன். அவன் மூஞ்சி தொங்கிப் போச்சு. அப்ப என் வீட்டுக்காரி, தங்கபுஷ்பம்னு பேரு, அவ அடுப்படியிலருந்து எட்டிப் பாத்து, "எங்க, கொடு தம்பி"ன்னு வாங்கி மோந்து பாத்தா. விரலை விட்டு நக்கியும் பாத்தா. "பூண்டும் பழமும் சேந்து எப்படி மணக்குது! இவருக்கு இன்னைக்கு மனசு சரியில்லப்பா, நீ போய்ட்டு வா"ங்கிறா. புருஷன் மட்டம்னு சொன்ன சரக்கை! மண்டியிலயா இருந்தா கதையே வேற.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். சாஸுன்னா என்னன்னு இந்தப் பயலுக்குக் காட்டணும்.

நான் பழம் எல்லாம் போடல. வத்தல். சாத்தூர்ச் சம்பா வத்தல், காம்பு கிள்ளி, தண்ணியில ஊறப்போட்டேன். அஸ்வத்து படிக்கட்டுல நின்னுக்கிட்டு, "சார், உப்பு கூடப் போடுங்க, மிளகா மேல மிதக்கக் கூடாது, கல்லு வச்சு அமுக்குங்க, இல்லேன்னா கெட்டுப்போகும்"ங்கிறான். எனக்கு! போடா, போய் டவுசரைத் துவைச்சுப் போடுன்னேன். உப்பு ஒரு கைதான் போட்டேன். உப்பு கூடுனா காரம் அமுங்கிரும்ல. மூடியை இறுக்கி அடுப்படி அலமாரியில வச்சுட்டேன்.

பத்து நாள் கழிச்சுத் திறந்தா மேல வெள்ளையா ஆடை கட்டியிருக்கு. பாலுக்கு ஆடை கட்டுறதில்லையா? அந்த மாதிரிதான். சத்து. கலக்கி விட்டேன். அங்கங்க பச்சையாவும் கொஞ்சம் இருந்துச்சு. அதையும் கலக்கிட்டேன்.

அதுலருந்து தொடங்குனா என் வீட்டுக்காரி. ஏங்க, அடுப்படிக்குள்ள நிக்க முடியல. ஏங்க, எலி செத்த மாதிரி அடிக்குது. ஏங்க, கீரைக்காரம்மா வாசல்லயே நின்னு கேக்குறா. ஏங்க, ஏங்க, ஏங்க. எல்லாம் அந்த மாடிக்காரன் சொல்லிக் கொடுத்தது. நான் ஜாடியைத் திறந்து மோந்து பாத்தேன் தம்பி. சுள்ளுன்னு நெடி ஏறுது. கண்ணுல தண்ணி வருது. தும்மல் வருது. தும்முறவனுக்கு மூக்கு இல்லாமயா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

மூணு வாரம் ஆச்சு. அரைச்சேன், வடிகட்டுனேன், வினிகர் ஊத்தி அடுப்புல ஏத்துனேன். அப்பதான் அது நடந்துச்சு.

சின்ன விஷயம். ஊதிப் பெருசாக்கிட்டா. அடுப்புல சாஸு கொதிக்குது, வாசல்ல தபால்காரன் கூப்பிட்டான், போய்க் கையெழுத்துப் போட்டேன். அவன்கிட்ட கொஞ்சம் பேசிட்டு வந்து பாத்தா, சாஸு பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு கெடக்கு. அணைஞ்சா என்ன செய்வோம்? பத்த வைப்போம். லைட்டரைக் கையில எடுத்தேன். மொட்டை மாடியிலருந்து காஞ்ச துணியைத் தூக்கிட்டு அவ வாரா. வாசப்படியில கால் வச்சவ, தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி கத்துறா. "லைட்டரைக் கீழ போடுங்க! அழுத்தாதீங்க!" துணியெல்லாம் தரையில. ஓடி வந்து சிலிண்டரைத் திருகி மூடுனா. என் கையைப் பிடிச்சு, சட்டையப் பிடிச்சு, தெருவுக்கு இழுத்துட்டுப் போயிட்டா. அறுபத்தாறு வயசு ஆளைத் தெருவுல வச்சுச் சட்டையப் பிடிக்கிறா!

அவ படியில உக்காந்துட்டா. "கேஸ் நாத்தம் வாசல் வரைக்கும் அடிக்குது, உங்களுக்குத் தெரியலையா?"ங்கிறா.

தெரியும், தெரிஞ்சுதான் நின்னேன்னேன்.

"தெரிஞ்சா லைட்டரை எடுத்தீங்க?"

பொம்பளைங்க கேக்குற கேள்விக்கு எல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருந்தா பொழுது போயிரும். அப்ப சொல்றா தம்பி. எனக்கு மூக்கு போயிருச்சாம்! "மூணு வருஷமாத் தெரியும் எனக்கு. அந்தக் காய்ச்சல்லருந்து. பாலு தீஞ்சு வீடெல்லாம் புகையா நிக்குது, நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. முந்தியெல்லாம் நான் பூ வச்சா, வாசல்ல வரும்போதே இன்னைக்குப் பிச்சியான்னு கேப்பீங்க. மூணு வருஷமாக் கேக்கல. சொன்னா உங்க மனசு உடைஞ்சிரும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா ரெண்டு பேரும் உயிரோட இருக்க மாட்டோம்."

அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒரே ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்க, எனக்கு வாசனை தெரியலன்னு. டாக்டர்கிட்டப் போவோம். சரியாச்சுன்னா ஆகட்டும், இல்லேன்னா நான் உங்களுக்கு மோந்து சொல்றேன்"ங்கிறா.

எனக்கு மோந்து சொல்றாளாம்! மூக்கு அண்ணாச்சிக்கு! நானும் கோவத்துல, நீ ஒரு நாளாவது மண்டி வாசலை மிதிச்சிருக்கியா, உனக்கெல்லாம் மூக்கு ஒரு கேடான்னு கேட்டுட்டேன். தெருவுல நாலு பேரு நின்னாங்க. அந்த அஸ்வத்தும் நின்னான்.

மறுநாள் காலையில பச்சைப் பை ஒண்ணுல சேலையெல்லாம் அடுக்கிட்டுக் கிளம்பிட்டா. ராஜபாளையத்துல மக வீடு. போறவளுக்குப் பையைத் தூக்கிட்டுப் போய் பஸ் ஏத்தி விட்டது யாருன்னு நினைக்கிறீங்க? அதே டவுசர்தான்.

ரெண்டு மாசம் ஆகுது. நான் என்ன செத்தா போயிட்டேன்? சோறு பொங்கத் தெரியும், ரசம் வைக்கத் தெரியும். பாட்டில்ல ஊத்தி வச்ச சாஸைத் தொட்டுக்கிட்டு நானே சாப்பிட்டேன். ரெண்டு நாள் வயித்தால போச்சு. அது வெயில் சூடு. அஸ்வத்தைக் கூப்பிட்டு ஒரு கரண்டி கொடுத்தேன். நாக்குல வச்சான் பாருங்க, ஓடுனான் குழாயடிக்கு. வாயைக் கொப்பளிச்சுக் கொப்பளிச்சுத் துப்புறான். காரம் தாங்கல பயலுக்கு! திரும்பி வந்து, "சார், தப்பா நினைக்காதீங்க, இது கெட்டுப்போச்சு சார், கொட்டிருங்க"ங்கிறான். பொறாமை தம்பி. வயிறு எரியுது அவனுக்கு.

அதோட விட்டானா? இப்ப தினம் சாயங்காலம் கீழ வாரான். சார், மோட்டார் போடவா சார். சார், பேப்பர் இருக்கா சார். பேசிக்கிட்டே நைசா அடுப்படிக்குள்ள போறான். அடுப்புகிட்ட குனிஞ்சு என்னத்தையோ தொட்டுப் பாத்துட்டு வாரான். என் பக்குவத்தை உளவு பாக்குறான். ஒரு நாள் நான் கதவுக்குப் பின்னால நின்னு கவனிச்சேன், போன்ல யாருகிட்டயோ, "மூடியிருக்கும்மா, நான் பாத்துட்டேன்மா"ங்கிறான். எந்த அம்மாகிட்ட வேவு சொல்றானோ.

என் வீட்டுக்காரி மட்டும் என்ன? விட்டுட்டுப் போனவ பேசாம இருக்கணும்ல. காலையில ஏழு மணிக்கு போன் அடிக்கும். "சிலிண்டரை மூடியாச்சா?" நான் உம்னு சொல்லுவேன். வச்சிருவா. ரெண்டு மாசமா இதுதான் பேச்சு. எனக்கும் அந்த ஏழு மணிக்கு முன்னாலயே போன் பக்கத்துல போய் உக்காந்து பழகிப்போச்சு. வேற வேலை இல்லாததால.

முந்தாநாள்தான் கொஞ்சம் கூடுதலாப் பேசுனா. நான்தான் கேட்டேன், எப்ப வாரன்னு. அவ சொல்றா, "நீங்க செஞ்ச சாஸை எடுத்துட்டு வாங்க. என் முன்னால திறந்து, அதுல என்ன வாசனை வருதுன்னு நீங்களே சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் பின்னாலயே வந்துருதேன். சொல்ல முடியலேன்னா, முடியலன்னு சொல்லுங்க. அப்பவும் வாரேன். ரெண்டுல ஒண்ணைச் சொல்லாம நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்." எனக்குப் பரீச்சை வைக்கிறா! எட்டாங்கிளாஸ் தாண்டாதவ!

அதான் போறேன். பரீச்சை எழுதத்தான் போறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியாச்சா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். தம்பி, உங்ககிட்ட ஒரு சின்ன உதவி. பெருசா ஒண்ணும் இல்ல. பாட்டிலைத் திறக்கிறேன், கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம இல்ல. செஞ்சவனுக்கு அவன் செஞ்சது பழகிப்போயிரும், அதுக்காகக் கேக்குறேன். மண்டியிலயும் ரெண்டாவது ஆளு பாக்குறது உண்டு. நல்லாருக்கு, நல்லா இல்லன்னு மொட்டையாச் சொல்லக் கூடாது. புளிச்ச மாதிரியா, பூண்டு மாதிரியா, வேற என்ன மாதிரின்னு விவரமாச் சொல்லணும். நீங்க சொல்ற வார்த்தையை நான் அப்படியே மனசுல வச்சுக்கிடுவேன்.

இந்தாங்க. ரப்பர் பேண்டைப் பிடிங்க. ஆங், திறந்துருச்சு.

யாருய்யா அது அங்க கத்துறது? கண்டக்டரா? எலி எங்க செத்துக் கெடக்குன்னு சீட்டுக்கு அடியில தேடுய்யா, என்கிட்ட எதுக்குக் கத்துற? ஜன்னலைத் திறந்தா திற, எனக்கென்ன? முன் சீட்டுக்காரம்மா முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டுத் திரும்பிப் பாக்குறதைப் பாருங்க. காரமே கண்டிராத சனம். நீங்க அவங்களைக் கண்டுக்காதீங்க தம்பி. குனிங்க. நல்லா இழுத்து மோந்து பாருங்க.

சொல்லுங்க.

என்ன முழிக்கிறீங்க? சொல்லுங்க, எதுனாலும் சொல்லுங்க.

என்னது?

சளியா?

நாலு நாளா ஒரு வாசனையும் தெரியலையா? காபி குடிச்சாக்கூடவா? அப்ப ஏறுனதுலருந்து மூக்கை உறிஞ்சிக்கிட்டு வந்தது? அது என் சரக்கு நெடி இல்லையா?

அதான் உக்காந்திருந்தீங்களா.

இல்ல, ஒண்ணும் இல்ல. மூடிட்டேன், மூடிட்டேன். கண்டக்டர், மூடியாச்சுய்யா, வாயை மூடு.

தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? அதை எப்படி அவ்வளவு லேசாச் சொன்னீங்க? "எனக்கு வாசனை தெரியலங்க"ன்னு, டிக்கெட் கேக்குற மாதிரி சொல்லிட்டீங்க. முன்னப் பின்னத் தெரியாத ஆளுகிட்ட. வெக்கமா இல்லையா உங்களுக்கு? இல்லையா? இதுல வெக்கப்பட என்ன இருக்குன்னு என்னையே கேக்குறீங்க.

உங்களுக்கு என்ன, சொல்லுவீங்க. நாலு நாள். ரெண்டு தடவை ஆவி பிடிச்சா திறந்துக்கும். நாலு நாளைச் சொல்றது ஒரு பெரிய காரியமா? மூணு வருஷத்தை ஒருத்தன் எங்கிருந்து தொடங்கிச் சொல்லுவான்? மூக்காலயே சோறு தின்ன ஒருத்தன் எப்படிச் சொல்லுவான்? சொல்லிட்டா அப்புறம் அவன் யாரு? அந்தச் சாக்கு எல்லாம், அந்த லோடு எல்லாம்... லாரிக்காரன் நனைக்கல தம்பி. அன்னைக்கு மழையே இல்ல.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீங்க.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அந்தா நிக்கிறா பாருங்க, தூண் பக்கத்துல, ஊதாச் சேலை. அவதான். மக வீட்டுல இருன்னா இருக்க மாட்டா, வெயில்ல வந்து நிக்கணும். தலையில பூ வச்சிருக்கா. என்ன பூன்னு இங்கருந்து தெரியல. கையில என்ன அது? பையா? ஆமா, அதே பச்சைப் பைதான். புடைச்சுக்கிட்டு நிக்குது. எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டே வந்துருக்கா கிறுக்கி, நான் என்ன சொல்லப் போறேன்னே தெரியாம.

பொறுங்க தம்பி, எந்திரிக்காதீங்க. கூட்டம் இறங்கட்டும். அது வரைக்கும், முன்னால சொன்னீங்கல்ல, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா. நீங்க சொன்ன மாதிரியே. நான் உங்க பின்னாலயே சொல்லிப் பாத்துக்கிடுறேன்.